பூட்டிய கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கடல் குளம்

1902 அக்டோபரில் ஒரு நாள் நண்பகல், ஆஸ்திரேலியாவின் மேன்லி கடற்கரையில் வில்லியம் கோச்சர் என்ற பத்திரிகைக்காரர் கடலில் இறங்கிக் குளித்தார். அன்றைக்கு அது சட்டப்படி குற்றம். காலை 6 மணிக்கும் இரவு 8 மணிக்கும் நடுவில், பொது இடத்திலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி யாரும் கடலில் குளிக்கக் கூடாது என்ற விதி 1830-களிலிருந்து அங்கே இருந்தது. கோச்சர் தன் பத்திரிகையிலேயே முன்கூட்டி அறிவித்துவிட்டு, ஊரே பார்க்கப் பட்டப்பகலில் இறங்கினார். இப்படித் திரும்பத் திரும்பச் செய்தார். போலீஸ் ஒரு முறை அவரைத் தண்ணீரிலிருந்து அழைத்துப்போனது, ஆனால் வழக்குப் போடவில்லை. அடுத்த ஆண்டே, கழுத்திலிருந்து முழங்கால்வரை மூடும் உடை போட்டுக்கொண்டு பகலில் குளிக்கலாம் என்று மேன்லி நகராட்சி விதியை மாற்றியது.

கோச்சரின் துணிச்சல் பெரியதுதான். ஆனால் அவருக்கு முந்தைய அந்த எழுபது வருடத்தைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். நீந்த ஆசைப்பட்டவர்களுக்குச் சட்டம் விட்டுவைத்தது விடியலுக்கு முந்தைய நேரமும் இருட்டிய பிறகான நேரமும்தான். பாறை கண்ணுக்குச் சரியாகத் தெரியாத வேளையில், காலால் தடவித் தடவி இறங்கி, குளிர்ந்த தண்ணீரில் உடம்பை நனைத்துவிட்டு, ஊர் விழிக்கும் முன் தலையைத் துவட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். இத்தனை சிரமம் எதற்கு என்று நீந்தாதவர்கள் கேட்கலாம். நீந்துகிறவர்களுக்கு அந்தக் கேள்வியே வராது.

நானும் அக்காவும் ஒரு விடுமுறையில் அப்படித்தான் ஒரு கடல் குளத்துக்குள் போய்ச் சேர்ந்தோம். எந்த ஊர், எந்த நாடு என்று எழுதப் போவதில்லை. அதற்கான காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

கடல் குளத்தைப் பார்த்திராதவர்களுக்காக முதலில் கொஞ்சம். கரையோரப் பாறையைக் குடைந்தோ, இரண்டு பாறைகளுக்கு நடுவே சுவர் எழுப்பியோ கடல்நீரைத் தேக்கிவைக்கும் குளம் இது. சில இடங்களில் எரிமலைக் குழம்பு உறைந்து பெரும்பாலும் தானாகவே அமைந்திருக்கிறது; மடெய்ரா தீவின் போர்ட்டோ மோனிஸ் அந்த வகை. கடல் ஏறும்போது அலை சுவரைத் தாண்டி உள்ளே விழும், பழைய தண்ணீர் வழிந்து வெளியேறும். கடல் இறங்கியதும் சுவர் வெளியே வந்து, உள்ளே தண்ணீர் அடங்கி நிற்கும். வடிகட்டும் எந்திரம் கிடையாது, குளோரின் கிடையாது. திறந்த கடலின் இழுப்பு இல்லாமல் திறந்த கடலின் தண்ணீரில் நீந்தலாம். நீச்சல் குளத்தில் கற்றுக்கொண்டு கடலைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கும், கடலிலேயே வளர்ந்து குளோரின் வாடையைப் பொறுக்க முடியாதவர்களுக்கும் ஒரே இடத்தில் இடம் உண்டு. மனிதர்கள் கடற்கரையில் கட்டிய எல்லாவற்றிலும் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலக் கரையில் மட்டும் இப்படி நூற்றுக்கு நெருக்கமான குளங்கள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பழையவற்றுள் ஒன்று நியூகாசில் நகரத்தில் இருக்கும் போகி ஹோல். 1819 வாக்கில் அங்கே கைதிகள் குடியிருப்பின் தளபதியாக இருந்த மேஜர் ஜேம்ஸ் மோரிசெட், தான் ஒருவர் தனியாகக் குளிப்பதற்காகக் கைதிகளைக் கொண்டு பாறையை வெட்டவைத்தார். அலை முகத்தில் அறையும் இடத்தில் நின்றுகொண்டு, இரும்புக் கருவிகளால் கல்லைப் பிளந்தவர்கள் அதில் ஒரு நாளும் நீந்தியிருக்க மாட்டார்கள். 1863-இல் அது நகராட்சியின் கைக்கு வந்து பொதுமக்களுக்குத் திறந்தது. ஒற்றை மனிதரின் ஒதுக்கிடமாக வெட்டிய குளத்தில் இன்று யார் வேண்டுமானாலும் இறங்கலாம், கட்டணம் இல்லை.

எங்கள் குளத்தின் கதையிலும் இதே கேள்விதான் இருந்தது: யாருடைய தனிமை, யாருடைய தண்ணீர்?

நாங்கள் தங்கியிருந்த அறை ஒரு மேட்டின் மேல். சன்னலைத் திறந்தால் கீழே கடல் நுரைத்துக்கொண்டு கிடக்கும். அந்த நுரைக்கு நடுவே, பாறை மடிப்புக்குள், நீள்சதுரமாக ஒரு பச்சைத் தண்ணீர் மட்டும் அசையாமல் நின்றது. முதலில் பார்த்தது அக்காதான். "ஏய், இங்க வா. அது என்னடி அது?" என்று என்னை எழுப்பினாள். ரொம்ப நேரம் சன்னலிலேயே நின்றோம். ஓர் அலை வந்து சுவரில் மோதி வெள்ளையாகச் சிதறியது. உள்ளே இருந்த தண்ணீரில் ஒரு மெல்லிய வளையம் மட்டும் ஓடியது.

விசாரித்தோம். அது பக்கத்து ஓட்டலுக்குச் சொந்தம், அங்கே தங்குகிறவர்களுக்கு மட்டும் என்றார்கள். போய்ப் பார்த்தால் அந்த ஓட்டல் பருவம் முடிந்து மூடிக் கிடந்தது. குளத்துக்கு இறங்கும் படிக்கட்டின் தலையில் ஆளுயர இரும்புக் கேட், அதில் ஒரு கனமான பூட்டு, 'விருந்தினர்களுக்கு மட்டும்' என்று ஒரு பலகை. விருந்தினர்களும் இல்லை, வேலையாட்களும் இல்லை. கம்பி இடுக்கு வழியாகப் பார்த்தால் கீழே தண்ணீர் தெரிந்தது.

அக்கா கேட்டைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தாள். "கேட்டை வச்சுக்கட்டும். படியைக்கூட வச்சுக்கட்டும். கடலை எப்படிடி ஒருத்தன் வச்சுக்க முடியும்?"

அவள் எரிச்சலில் கேட்டாளே தவிர, கேள்வி பழையது, கனமானது. கி.பி. 533-இல் ஜஸ்டினியன் பேரரசர் தொகுக்கச் சொன்ன ரோமானியச் சட்டநூல் காற்று, ஓடும் நீர், கடல், கடற்கரை ஆகியவை இயற்கையின் சட்டப்படி எல்லாருக்கும் பொது என்று சொல்கிறது. கடற்கரை எதுவரை என்பதற்கும் அதில் அளவு உண்டு: குளிர்காலத்தின் மிகப் பெரிய அலை ஏறி வருகிற இடம்வரை. எனக்கு மிகவும் பிடித்த எல்லைக்கோடு அது. நில அளவைச் சங்கிலியை ஓரமாக வைத்துவிட்டு, கோடு போடும் வேலையை அலையிடம் விட்டிருக்கிறார்கள்.

அந்த எண்ணம் இன்றும் பல நாடுகளில் உயிரோடு இருக்கிறது. ஸ்பெயினின் அரசியல் சாசனமே கடற்கரையைப் பொதுச் சொத்து என்கிறது. 1988-இல் வந்த கடற்கரைச் சட்டம் அதை விரித்து எழுதியது. ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்கிற எவருக்கும் பெரும்பாலான நிலத்திலும் நீரிலும் கரையிலும் போய்வரும் உரிமையைக் கொடுக்கிறது. எல்லா இடத்திலும் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். சில நாடுகளில் கரை பொதுவாக இருக்கும், கரைக்குப் போகும் பாதை தனியாருடையதாக இருக்கும். பொதுச் சொத்தைச் சுற்றி ஒரு தனியார் வேலி வந்துவிட்டால், சட்டப் புத்தகத்தில் இருக்கும் உரிமை புத்தகத்திலேயே இருக்க வேண்டியதுதான். ஓட்டல்களும் பங்களாக்களும் கடலை வாங்குவதில்லை. கடலுக்கு இறங்கும் வழியை வாங்குகின்றன, அது போதுமானதாக இருக்கிறது.

நாங்கள் இருந்த நாட்டில் கடல் ஏறும் கோட்டுக்குக் கீழே இருக்கும் கரை பொதுமக்களுடையது. அதை முதலில் உறுதி செய்துகொண்டோம். ஆக, கேட்டில் ஏறிக் குதிக்க வேண்டிய அவசியம் இல்லை. ஏறிக் குதிக்க எங்களுக்கு விருப்பமும் இல்லை. கடல் இறங்கும் நேரம் பார்த்து, பக்கத்திலிருந்த பொதுக் கடற்கரையிலிருந்து பாறைகளைச் சுற்றி நடந்துவந்தால், சுவரின் அந்தப் பக்கத்தை அடைந்துவிடலாம். படிக்கட்டைக் காவல் காத்த பூட்டுக்கு இந்தப் பக்கத்து வழி தெரியாது.

வழியைக் கண்டுபிடித்துக் கொடுத்தது ஓத அட்டவணை, அதாவது கடல் ஏறி இறங்கும் நேரங்களின் பட்டியல். நம்மில் பலர் கடலைப் பார்த்து வளர்ந்தாலும் கடலின் நேரத்தைப் பார்த்து வளர்வதில்லை. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அதனால் இன்று காலை 6 மணிக்கு அடங்கிய கடல், நாளைக் காலை 6.50 வாக்கில்தான் அடங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், இறக்கமும் அதிகம். பாதி நிலா நாட்களில் இரண்டும் குறைவு. ஆறு மணி நேரத்தில் தண்ணீர் சீராக ஏறிவிடாது என்பதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மாலுமிகளின் கணக்கு ஒன்று உண்டு: மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணியில் ஒரு பங்கு, அடுத்ததில் இரண்டு, மூன்றாவது, நான்காவது மணிகளில் மும்மூன்று, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. அதாவது நடு இரண்டு மணி நேரத்தில் பாதிக் கடல் ஏறிவிடும். ஆரம்பத்தில் மெதுவாக ஏறுகிறதே என்று பாறையில் உட்கார்ந்திருப்பவர் மாட்டிக்கொள்வது அப்போதுதான்.

ஊருக்கு ஊர் அளவும் மாறும். மத்தியதரைக் கடலின் பெரும்பாலான கரைகளில் ஏற்ற இறக்கம் முழங்கால் அளவுகூட வராது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் கால்வாய்ப் பக்கம் அது 14 மீட்டர்வரை போகும். அங்கே கிளீவ்டன் என்ற ஊரில் 1929-இல் திறந்த ஒரு கடல் ஏரி இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றங்களில்தான் கடல் அதன் சுவரைத் தாண்டி உள்ளே வரும். மற்ற நாட்களில் ஏரி நிலாவுக்காகக் காத்திருக்கும்.

சரி, எங்கள் காலைக்கு வருகிறேன். அன்று கடல் அடங்கும் நேரமும் சூரியன் உதிக்கும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தன. அதற்கு ஒரு மணி நேரம் முன்பே கிளம்பினோம். பழைய ரப்பர் செருப்பு வேண்டாம், அடிப்பாகம் பிடிமானமான காலணி போட்டுக்கொள் என்று அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள். அது எவ்வளவு சரி என்பது முதல் பாறையிலேயே தெரிந்தது. பச்சையாகவோ கறுப்பாகவோ மினுக்கும் பாறையில் பாசி இருக்கும், கால் வைத்தால் போச்சு. வெளிறிய சொரசொரப்பான பாறையில் கொட்டலசு என்ற சின்னஞ்சிறு ஓட்டுயிர் ஒட்டியிருக்கும். காலைக் கிழிக்கும், ஆனால் வழுக்காது. காலணி இருந்தால் கொட்டலசு மேல்தான் நடக்க வேண்டும். இருட்டு விலகாத நேரத்தில் இந்த நிற வித்தியாசத்தைக் கைவிளக்கு வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தோம். பேசவே இல்லை. இரண்டு பேரும் குழந்தைகளாக இருந்தபோது மத்தியானத்தில் வீட்டுக்குத் தெரியாமல் நழுவிய நாட்களின் அந்தப் படபடப்பு அப்படியே வந்துவிட்டது. அக்காவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை.

சுவரை அடைந்ததும் உடனே இறங்கிவிடவில்லை. ஓர் உயரமான பாறையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். அலைகள் ஒரே அளவில் வருவதில்லை, கூட்டம் கூட்டமாக வரும். பத்து நிமிடம் அமைதியாக இருந்துவிட்டு, பெரிய அலைகள் நாலைந்து சேர்ந்து வரும். அந்தக் கூட்டத்தைப் பார்க்காமல் இறங்குகிறவர் கடலின் பாதி முகத்தைத்தான் பார்த்திருக்கிறார். குறைந்தது இருபது நிமிடமாவது நின்று பார்க்க வேண்டும். சிட்னிக்குத் தெற்கே ராயல் தேசியப் பூங்காவில் 'ஃபிகர் எய்ட்' என்று எட்டு வடிவக் குளங்கள் இருக்கின்றன. புகைப்படத்தில் பார்த்தால் சொர்க்கம். அங்கே பாறைத் தட்டின் மேல் திடீரென்று ஏறிய அலையில் இழுபட்டு எத்தனையோ பேர் அடிபட்டிருக்கிறார்கள். இப்போது பூங்கா நிர்வாகம் அந்த இடத்துக்கென்றே அலை அபாய முன்னறிவிப்பை வெளியிடுகிறது. படம் எடுப்பதற்காகக் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்பவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும்.

வெளிச்சம் வந்தது. அப்போதுதான் குளத்தில் ஏற்கெனவே ஒருவர் இருப்பதைக் கவனித்தோம். வெள்ளை நிற நீச்சல் தொப்பி ஒன்று, அவசரமே இல்லாமல், ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய்க்கொண்டிருந்தது. எழுபது வயதுக்கு மேல் இருக்கும் அந்த அம்மாவுக்கு. எங்களைப் பார்த்ததும் அதிர்ச்சி அடையவில்லை, கையைத் தூக்கி ஆட்டினார். எந்த வழியாக வந்தீர்கள் என்று சைகையில் கேட்டார். பாறையைக் காட்டினோம். சிரித்துவிட்டு, தானும் அந்த வழிதான் என்றார். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவராம். ஓட்டல் வருவதற்கு முன்பே இந்தக் குளம் இருந்தது, என் அம்மாதான் எனக்கு இதில் நீச்சல் சொல்லிக்கொடுத்தார் என்றார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலமும் எங்களுக்குத் தெரிந்த அவர் மொழியும் சேர்த்தால் பத்து வாக்கியம் தேறாது. ஆனாலும் புரிந்தது.

இறங்கினேன். குளிர் முதலில் மூச்சைப் பறித்தது. சட்டென்று குளிர்ந்த நீரில் இறங்கும்போது உடம்பு தன்னையறியாமல் பெரிதாக மூச்சை இழுக்கும், நெஞ்சு வேகமாக அடிக்கும். தலை தண்ணீருக்குள் இருக்கும்போது அப்படி மூச்சிழுத்தால் ஆபத்து. ஓரிரு நிமிடத்தில் அது தானாக அடங்கும். அதுவரை நீந்த முயலாமல், சுவரைப் பிடித்துக்கொண்டோ மல்லாந்து மிதந்துகொண்டோ இருந்தால் போதும். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முகத்துக்கு நேராக, கல் இடுக்கில், கடற்சாமந்தி என்ற பூப்போன்ற கடலுயிர் ஒன்று தன் மெல்லிய விரல்களை விரித்து வைத்திருந்தது. அதற்குக் கீழே கட்டைவிரல் நகம் அளவு நண்டு ஒன்று என்னைப் பார்த்துப் பின்வாங்கியது.

மூச்சு சீரானதும் கையை நீட்டினேன்.

உப்புத் தண்ணீர் உடம்பைத் தாங்குகிற விதமே வேறு. இடுப்பு தானாக மேலே வந்துவிடும், கால் உதைக்க வேண்டிய வேலை பாதியாகக் குறைந்துவிடும். தலையைத் திருப்பி மூச்சு வாங்கும்போதெல்லாம் சுவருக்கு அப்பால் கடல் எழுவதும் விழுவதும் தெரியும். காதைத் தண்ணீருக்குள் வைத்தால் அதன் உறுமல் கேட்கும். ஆனால் என்னைச் சுற்றியிருக்கும் தண்ணீர் அசையாது. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் கிடைப்பதுதான் கடல் குளத்தின் அதிசயம். நீச்சல் குளத்தில் சுவர் இருக்கும், கடல் இருக்காது. கடலில் அகலம் இருக்கும், அடைக்கலம் இருக்காது. இங்கே பயத்தைச் சுவரின் அந்தப் பக்கம் வைத்துவிட்டு, அதன் குரலைக் கேட்டுக்கொண்டே நீந்தலாம். கடலின் பெரிய உடம்போடு தோள் உரசுகிற மாதிரி ஒரு நெருக்கம். அதை அனுபவித்தபின் ஓட்டல் மொட்டை மாடி நீச்சல் குளங்கள் எனக்குப் பிடிக்காமலே போய்விட்டன.

அக்கா ரொம்ப நேரம் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தாள். சின்ன வயதில் பெண்பிள்ளைகள் ஆம்பிளைகள் கண்ணில் படுகிற இடத்தில் நீந்தக் கூடாது என்று அவளைத்தான் முதலில் நிறுத்தினார்கள். நான் பிறந்து வளர்வதற்குள் அந்தக் கெடுபிடி கொஞ்சம் தளர்ந்துவிட்டது. அவளுக்கு இழப்பு அதிகம். யாரும் பார்க்காத தண்ணீர் என்பது ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பதை அன்று அவள் மிதந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கரைக்கு வந்ததும் அவள் சொன்னது ஒன்றுதான்: "யாராவது வந்துருவாங்களோன்னு ஒரு தடவைகூட நினைக்கலடி."

சிட்னியின் கூஜி கடற்கரையில் மெக்கைவர்ஸ் என்று ஒரு குளம் இருக்கிறது. குன்றின் மடியில் மறைவாக, 1880-களில் கட்டியது. பெண்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் மட்டும். 1922-இலிருந்து உள்ளூர்ப் பெண்களின் நீச்சல் சங்கம் ஒன்று அதைப் பார்த்துக்கொள்கிறது. ஆண்களை விலக்குவது பாகுபாடு என்று பின்னாளில் ஒரு புகார் எழுந்தது. 1995-இல் பாகுபாட்டுத் தடைச் சட்டத்திலிருந்து அந்தக் குளத்துக்கு விலக்குக் கொடுத்தார்கள். சரியான முடிவு என்று நான் நினைக்கிறேன். வெளியே கிடைக்காத ஒன்றை அந்த மறைவு கொடுக்கிறது. அதே கரையில் சற்றுத் தள்ளி, ஹென்றி வைலி என்பவர் 1907-இல் கட்டிய வைலிஸ் குளத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே நீந்தினார்கள். அவருடைய மகள் மினா வைலியும் தோழி ஃபேனி டியூராக்கும் 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் நீச்சலில் வெள்ளியும் தங்கமும் வாங்கினார்கள். பெண்களுக்கு ஒலிம்பிக்கில் நீச்சல் போட்டி வைத்ததே அந்த ஆண்டுதான் முதல் முறை. கொஞ்சம் மறைவான தண்ணீர், கொஞ்சம் திறந்த தண்ணீர், இரண்டும் ஒரே கரையில் கூப்பிடு தூரத்தில் இருந்திருக்கின்றன.

மறைவுக்கு ஆசைப்படும் நானே ஓட்டல்காரர்களின் கேட்டை ஏன் எதிர்க்கிறேன் என்று கேட்கலாம். நானும் அதை நிறைய யோசித்தேன். ஒருவர் தனிமையை இரண்டு விதமாக அடையலாம். வேலி போட்டு மற்றவர்களை வெளியே நிறுத்தலாம். அல்லது மற்றவர்கள் தூங்கும் நேரத்தில் எழுந்து வரலாம். முதல் வகைத் தனிமைக்குப் பணம் வேண்டும், அது மற்றவர்களிடமிருந்து எடுத்தது. இரண்டாவதற்குத் தூக்கத்தைக் கொடுத்தால் போதும், யாரிடமிருந்தும் எதையும் எடுக்கவில்லை. அந்த வெள்ளைத் தொப்பி அம்மாவின் தனிமை இரண்டாவது வகை. நாங்கள் வந்ததும் அவர் அதை முகம் சுளிக்காமல் எங்களோடு பங்கிட்டுக்கொண்டார். நீந்திக்கொண்டே ஒதுங்கி எங்களுக்கு ஒரு பக்கம் விட்டுக்கொடுத்தார்.

போர்ச்சுகலில் போர்ட்டோ நகரத்துக்குப் பக்கத்தில் லெசா த பல்மெய்ரா என்ற இடத்தில், கட்டடக் கலைஞர் ஆல்வாரோ சிசா வடிவமைத்து 1966-இல் முடிந்த கடல் குளங்கள் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பாடம். அது பொதுக் குளம். ஆனால் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் கண்ணில் அது அவ்வளவாகப் படாது. கட்டடம் சாலை மட்டத்துக்குக் கீழே அமுங்கிக் கிடக்கிறது. சாய்தளத்தில் இறங்கி, உடைமாற்றும் அறைகளின் இருட்டுக்குள் நுழைந்து, கான்கிரீட் சுவர்களுக்கு நடுவே நடந்து வெளியே வந்தால், திடீரென்று பாறையும் அட்லாண்டிக்கும். பூட்டை நம்பாமல், வழியை மட்டும் வளைத்து, வருகிற ஒவ்வொருவருக்கும் ரகசியமாக நுழைந்த உணர்வைக் கொடுத்திருக்கிறார். அப்போது சிசாவுக்கு வயது முப்பதை ஒட்டித்தான் இருக்கும். 2011-இல் அதை நாட்டின் தேசியச் சின்னமாக அறிவித்தார்கள்.

பூட்டு எல்லாமே அநியாயம் என்று நான் சொல்லவில்லை. போகி ஹோலுக்கு மேலே இருக்கும் செங்குத்துச் சரிவிலிருந்து பாறை விழும் அபாயம் இருந்ததால் அதையும் மூடிவைத்துப் பழுதுபார்த்த காலங்கள் உண்டு. அப்படி மூடிய குளத்துக்குள் நழுவுவது வீரம் ஆகாது. உங்களை மீட்க வருகிறவரின் உயிரும் அதில் இருக்கிறது. முட்டையிடும் பறவைகளுக்காகவோ குட்டி போட்ட சீல்களுக்காகவோ மூடிய கரையும் அப்படியே. ஆகவே பூட்டைப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டியது, இது எதைக் காக்கிறது என்பது. மனித உயிரையோ வேறு உயிரையோ என்றால் திரும்பிப் போய்விட வேண்டும். மூடிக் கிடக்கும் ஓர் ஓட்டலின் 'எங்களுக்கு மட்டும்' என்ற பெருமையை என்றால், ஓத அட்டவணையை எடுத்துப் பார்க்கலாம்.

உள்ளே போன பிறகும் கடமைகள் இருக்கின்றன. கடல் குளத்தில் அடுத்த ஏற்றம்வரை அதே தண்ணீர்தான். நம் உடம்பில் இருக்கும் எல்லாம் அந்தச் சாமந்திக்கும் நண்டுக்கும் போய்ச் சேரும். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற இரண்டு ரசாயனங்கள் கலந்த வெயில் களிம்புகளை விற்பதை ஹவாய் மாநிலம் 2021 தொடக்கத்திலிருந்து தடை செய்திருக்கிறது. பவளங்களுக்குக் கெடுதல் என்பதுதான் காரணம். விடியலில் நீந்தினால் களிம்பே வேண்டாம். கையைப் பாறை இடுக்கில் விடக் கூடாது. உடம்பெல்லாம் முள் நிறைந்த கடல் முள்ளெலி இருக்கலாம், ஆஸ்திரேலியப் பாறைக் குட்டைகளாக இருந்தால் நீல வளைய ஆக்டோபஸ் இருக்கலாம். உள்ளங்கையில் அடங்குகிற அந்தச் சின்ன உயிரின் விஷத்துக்கு இன்றுவரை மாற்று மருந்து இல்லை. சிப்பியைப் பொறுக்கிப் பையில் போட வேண்டாம். தனியாகவும் போக வேண்டாம். எனக்கு அக்கா இருந்தாள், அவளுக்கு நான் இருந்தேன். ஒருவர் தலை தண்ணீருக்குள் இருக்கும்போது இன்னொருவர் கண் கடல் மேல் இருந்தது.

கிளம்பும் நேரத்தையும் முன்கூட்டியே முடிவு செய்திருந்தோம். கடல் திரும்ப ஏறத் தொடங்கியதும் ஒரு மணி நேரத்துக்குள் பாறைகளைக் கடந்துவிட வேண்டும். மனசே இல்லைதான். அந்த அம்மா எங்களுக்கும் முன்னால் ஏறி, துண்டைப் போர்த்திக்கொண்டு, எங்களுக்காக நின்றார். சுவரின் வெளிப்பக்கத்தில் ஒரு கல்லைக் காட்டினார். அது தண்ணீரில் மூழ்கினால் நடக்கும் வழி அரை மணியில் மூடிவிடும், அட்டவணையைவிட அதை நம்புங்கள் என்றார். அவருடைய அம்மா அவருக்குக் காட்டிய கல்லாம். காற்று கரையை நோக்கி அடித்தாலோ, வானிலை கெட்டுக் காற்றழுத்தம் குறைந்தாலோ கடல் அட்டவணையில் போட்டதைவிட மேலே ஏறும் என்பது நாங்கள் படித்துத் தெரிந்துகொண்டது. அவருக்கு அந்த ஒரு கல்லே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

பாதுகாப்பான இடத்துக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது முதல் அலை சுவரைத் தாண்டி உள்ளே விழுந்தது. நாங்கள் கலக்கிய தண்ணீரைக் கடல் எடுத்துக்கொண்டு புதிதாக நிரப்பத் தொடங்கியிருந்தது.

இப்போது ஊர்ப் பெயரைச் சொல்லாததற்கு வருகிறேன். அந்தக் குளத்தின் படம் ஒன்று, இடத்தின் பெயரோடு, பரவிவிட்டால் என்ன ஆகும் என்று தெரியும். ஒரே மாதத்தில் அந்தப் பாறை வழியில், காலணியும் இல்லாமல், ஓதமும் பார்க்காமல், கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு நூறு பேர் வருவார்கள். ஒருவர் வழுக்கி விழுவார். அதைக் காரணம் காட்டி, பொதுவாக இருக்கும் கடற்கரைப் பக்கத்திலும் வேலி வந்துவிடும். அந்த அம்மா எங்கே போய் நீந்துவார்? இடத்தின் பெயரைவிட, இடத்தைப் படிக்கும் முறையைச் சொல்வதுதான் உதவி என்று நினைக்கிறேன். ஓத அட்டவணையும், அலைக்கூட்டத்தைப் பார்க்கும் பொறுமையும், அந்த நாட்டின் கரைச் சட்டமும் தெரிந்தால், உங்களுக்கான குளத்தை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

ரகசியம் வேண்டாதவர்களுக்குத் திறந்த குளங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றுக்கு ஆள் தேவை. ஸ்காட்லாந்தின் டார்லேர் குளம் 1931-இல் கோலாகலமாகத் திறந்து, 1990-களில் நீச்சலுக்கு மூடப்பட்டு, வெள்ளைச் சுவர்கள் உதிர்ந்து கிடந்தது. இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் பியூட் என்ற ஊரின் கடல் குளம் 1930-இலிருந்து இருக்கிறது, சுமார் 90 மீட்டர் நீளம். பராமரிக்கப் பணம் இல்லை என்று உள்ளாட்சி கையை விரித்தபோது ஊர்க்காரர்களே சேர்ந்து அமைப்பு வைத்து, நன்கொடை திரட்டி, இன்றுவரை அதை இலவசமாகத் திறந்துவைத்திருக்கிறார்கள். சுவரில் விரிசல் விழுந்தால் பூச வேண்டும், புயலுக்குப் பிறகு கல்லையும் மணலையும் அள்ள வேண்டும், படியில் ஏறும் பாசியைச் சுரண்ட வேண்டும். கடல் இறங்கியிருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் இத்தனையும் நடந்தாக வேண்டும். விடுமுறையில் அப்படி ஒரு குளத்தில் நீந்தினீர்கள் என்றால் வாசலில் இருக்கும் உண்டியலில் எதையாவது போட்டுவிட்டு வாருங்கள். அக்காவும் நானும் அடுத்த முறை பியூட் போவதாக இருக்கிறோம். நீந்துவதற்கு ஒரு காலை, பாசி சுரண்ட ஆள் கேட்டால் இன்னொரு காலை.